கூண்டில் பிறந்த குட்டி, வெளியில் உண்டான கரு

லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1885 ஆகஸ்டு முதல் தனியே அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் பச்சைப்பாம்பு, 1888 ஆகஸ்டில் குட்டி போட்டதாக ஒரு பழைய பதிவு உண்டு. நடுவில் மூன்று ஆண்டுகள் அதன் கூண்டுக்குள் ஆண் பாம்பு எதுவும் நுழையவில்லை. இதைப் படிப்பவர்கள் பலரும் பச்சைப்பாம்பைக் கூண்டில் பெருக்கலாம் என்பதற்குச் சான்றாக இதை எடுத்துக்கொள்வதுண்டு. எனக்கு இது எதிர்ப்பக்கத்துச் சாட்சியாகவே தெரிகிறது. ஒரு பாம்பு கூண்டில் ஈனலாம். ஆனால் அந்தக் கரு எங்கே, எப்போது, எப்படி உண்டானது என்பதைப் பிரசவத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மரத்தில் வாழும் பின்பல் பாம்புகளை வளர்ப்பது பற்றிய பேச்சில் முக்கால்வாசிக் குழப்பம், கூண்டில் பிறப்பதையும் கூண்டில் இனம் பெருகுவதையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால், நரிக்குடிப் பக்கத்து வேலியோரப் பாம்புக்கு வளர்ப்புக்கூடம் எந்த உதவியும் செய்யப்போவதில்லை என்ற முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரைக்குப் போகும் ரயில் பாதையில் நரிக்குடி ஒரு நிறுத்தம். வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிறைத்தால் நெல். குறைத்தால் மிளகாயும் பருத்தியும். கைவிட்டுவிட்டால் சீமைக்கருவேலும் கரிமூட்டமும். 'மரப்பாம்பு' என்றதும் மழைக்காட்டை நினைப்பவர்களுக்கு இந்த ஊர் பொருத்தமில்லாமல் தோன்றும். ஆனால் பச்சைப்பாம்புக்குப் பெரிய மரம் தேவையே இல்லை. கிளுவை வேலி, கண்மாய்க் கரையின் உடைமரம், கிணற்று மேட்டில் கோவைக்கொடி படர்ந்த புதர், இவற்றில் இலைமறைவும் ஓணானும் இருந்தால் போதும். கண்ணைக் கொத்தும் என்று பயந்து ஊரார் கண்கொத்திப் பாம்பு என்று சொல்லும் அதே உயிர்தான். விரல் தடிமன், ஒன்றரை மீட்டர் வரை நீளம், கூர்மூக்கு, கிடைமட்டமான கீற்றாக நீண்ட கண்பாவை. அந்தப் பாவைக்கு முன்னால் மூக்கு நுனி வரை ஒரு பள்ளம் ஓடுகிறது. அதனால் இரண்டு கண்ணாலும் ஒரே இலக்கை நேராகப் பார்த்துத் தூரத்தைக் கணிக்க முடிகிறது. பாம்புகளில் இது அபூர்வம். காற்றில் கொடி ஆடினால் தானும் ஆடும். ஓணான் அசைந்தால் உறைந்து நிற்கும். மிரட்டினால் உடலை உப்பிச் செதில்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும் கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் காட்டி வாயை அகலத் திறக்கும். கண்ணைக் கொத்தும் என்ற கதைக்கு, கண் உயரத்துக் கிளையில் எதிர்ப்படும் இந்தக் கூர்மூக்கே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பின்பல் பாம்பு என்பது ஒரு குடும்பப்பெயர் அல்ல. பல் அமைப்பைச் சொல்லும் பெயர். நல்ல பாம்புக்கும் விரியனுக்கும் நச்சுப்பல் மேல்தாடையின் முன்பக்கம் இருக்கிறது. பச்சைப்பாம்புக்கும் பூனைப்பாம்புக்கும் பறக்கும் பாம்புக்கும் அது பின்பக்கம், ஏறக்குறைய கண்ணுக்குக் கீழே இருக்கிறது. ஊசி போல் துளையிட்ட பல் அல்ல. வாய்க்கால் போல் வரிப்பள்ளம் உள்ள பல். அதனால் இவை கொத்திவிட்டு விலகுவதில்லை. கவ்வி, பிடியை விடாமல் மென்று, நஞ்சைக் காயத்துக்குள் ஊறவிடுகின்றன. பச்சைப்பாம்பு ஓணானின் கழுத்தைப் பற்றித் தரையிலிருந்து தூக்கி, அது தளரும் வரை அந்தரத்தில் பிடித்திருப்பது இதற்காகத்தான். கொம்பேறி மூக்கனையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. அதற்கு நச்சுப்பல் கிடையாது. கடித்தவனின் சிதைப் புகையை மரமேறிப் பார்க்கும் என்று அதன் மேல் சுமத்தப்பட்ட பழி, நஞ்சே இல்லாத ஒரு பாம்பின் மேல் விழுந்த பழி.

இந்தப் பாம்புகளை வளர்ப்பதில் உள்ள ஆபத்து நஞ்சு என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆப்பிரிக்க பூம்ஸ்லாங் பாம்பு கடித்து 1957-இல் சிகாகோவின் கார்ல் ஷ்மிட் இறந்தார். ஆப்பிரிக்கக் குச்சிப்பாம்பு கடித்து 1975-இல் ஜெர்மனியின் ராபர்ட் மெர்ட்டென்ஸ் இறந்தார். இருவரும் தங்கள் காலத்தின் முதல் வரிசைப் பாம்பியலாளர்கள். இருவரைக் கொன்றவையும் மரத்தில் வாழும் பின்பல் பாம்புகள். அதற்கு முன் அவை அவ்வளவு கொடியவையாகக் கருதப்படவில்லை. ஆனால் அந்த இரண்டு பாம்புகளைக் காட்டி நம் பச்சைப்பாம்பை அளப்பது நியாயமில்லை. பச்சைப்பாம்பின் கடியால் மனிதருக்கு வருவது பெரும்பாலும் வலி, வீக்கம், சிறிது நேர மரமரப்பு. காரணம் பல்லின் இடம் மட்டும் அல்ல, நஞ்சின் குறியும்தான். சதுப்புநிலப் பூனைப்பாம்பின் நஞ்சிலிருந்து 2006-இல் பிரித்தெடுக்கப்பட்ட டென்மோடாக்ஸின் என்ற புரதம் பறவையின் நரம்பு-தசைச் சந்திப்பைப் பலமாக முடக்குகிறது. பாலூட்டியின் நரம்பை ஏறக்குறைய தொடுவதே இல்லை. பழுப்பு மரப்பாம்பின் நஞ்சில் 2009-இல் விவரிக்கப்பட்ட இர்டிடாக்ஸினும் பறவையையும் பல்லியையும் கொல்கிறது, எலியை விட்டுவிடுகிறது. எதைத் தின்கிறதோ அதற்கேற்ப நஞ்சு செதுக்கப்பட்டிருக்கிறது. பூனைப்பாம்பு இனத்திலேயே இப்படி என்றால், ஓணானை நம்பி வாழும் பச்சைப்பாம்பின் கடி நம்மை ஏன் பெரிதாக வருத்துவதில்லை என்பதை ஊகிப்பது கடினம் அல்ல. எனவே நஞ்சைக் காட்டி 'வளர்க்காதே' என்பது பலவீனமான வாதம். வலுவான வாதம் அந்த நஞ்சு எந்த இரைக்காக உண்டானதோ அந்த இரையில் இருக்கிறது.

உலகெங்கும் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் பெருகியிருக்கும் பாம்புகளைப் பாருங்கள். அமெரிக்கச் சோளப்பாம்பு, ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு. இரண்டும் முட்டையிடுபவை. இரண்டும் எலி தின்பவை. ஆய்வுக்கூட எலியைப் பெருக்கும் கலை நூறு ஆண்டுப் பழையது. செத்த எலியை உறைய வைத்து வேண்டும்போது எடுத்துச் சூடாக்கிக் கொடுக்கலாம். பாம்பு வளர்ப்பு என்ற தொழிலே உண்மையில் எலி வளர்ப்பின் மேல் நிற்கிறது. பச்சைப்பாம்பு அந்தச் சங்கிலியில் மாட்ட மறுக்கிறது. அது கண்ணால் வேட்டையாடுவது. அசையாத இரை அதன் கண்ணுக்கு இரையே இல்லை. அசைந்தாலும் ஓணான், அரணை, பல்லி, தவளை இவற்றைத்தான் தேடும்; பறவைக் குஞ்சோ சுண்டெலியோ எப்போதாவதுதான். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பிடித்து மேல்நாட்டுச் சந்தைக்கு அனுப்பப்படும் அதன் சொந்தக்கார இனத்தைச் சிலர் தொட்டியில் நீந்தும் மீனுக்குப் பழக்கியிருக்கிறார்கள். தந்திரம் பலித்தாலும் ஒரு சிக்கல் வால்பிடித்து வருகிறது: பல மீன் வகைகளில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு, அது உடலின் பி1 வைட்டமினைச் சிதைக்கும். மீனை மட்டும் தின்று வளரும் பாம்பு நரம்புத் தளர்ச்சியில் விழும். எலிக்குஞ்சின் மேல் பல்லி வாடையைத் தேய்த்து ஏமாற்றுவது இன்னொரு தந்திரம். மோப்பத்தால் வேட்டையாடும் பாம்புகளிடம் அது பலிக்கும் அளவுக்குக் கண்ணை நம்பும் பாம்பிடம் பலிப்பதில்லை.

இரை ஒரு பாதி என்றால் கூண்டு மறுபாதி. கிண்ணத்துத் தண்ணீரை இந்தப் பாம்பு அனேகமாகக் கண்டுகொள்ளாது. இலையில் தேங்கும் துளியை நக்கிக் குடிக்கும். ஆகவே தினமும் செடிமேல் தூறல் போலத் தெளிக்க வேண்டும். தெளித்த ஈரம் காய்வதற்குக் காற்றோட்டமும் வேண்டும். கண்ணாடியை அது தடையாகப் புரிந்துகொள்வதில்லை. வெளியை நோக்கி முட்டி முட்டி அந்தக் கூர்மூக்கு தேய்ந்து புண்ணாகி, புண் வாய்க்குள் பரவுவது சிறைப்பட்ட மரப்பாம்புகளின் வழக்கமான சாவு. உயரமும் அலங்காரத்துக்கானது அல்ல. ஹார்வி லிலிவைட் என்ற உடலியலாளர் 1980-களில் தொடங்கிக் காட்டியது இது: மரமேறும் பாம்புகளுக்கு இதயம் தலைக்கு அருகில் இருக்கிறது, உடல் ஒடுங்கித் தோல் இறுகியிருக்கிறது, செங்குத்தாக நிறுத்தினாலும் ரத்தம் வால்பக்கம் தேங்குவதில்லை. ஏறி இறங்குவதையே வாழ்க்கையாகக் கொண்ட அந்த ரத்த ஓட்டத்தை இரண்டடி உயரப் பெட்டியில் கிடையாகக் கிடத்துவது, பாம்பு அதைச் சொல்லிக் காட்டாது என்ற துணிச்சலில் நாம் செய்வது.

இத்தனையும் செய்து முடித்தாலும் இனப்பெருக்கம் என்ற படி தனி. கொம்பேறி மூக்கனும் பறக்கும் பாம்பும் பச்சைப்பாம்புக்கு நெருங்கிய உறவினர்கள்; அவை முட்டையிடுபவை. பச்சைப்பாம்பு மட்டும் குட்டி போடுகிறது. முட்டையிடும் பாம்பின் வளர்ப்பாளர் முட்டையை எடுத்து அடைகாப்புப் பெட்டியில் வைத்து வெப்பத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள முடியும். குட்டி போடும் பாம்பில் தாயின் உடலே அடைகாப்புப் பெட்டி. அவள் எந்தக் கிளையில் எத்தனை நேரம் வெயில் காய்கிறாளோ அதுதான் கருவின் வெப்பக் கணக்கு. கூண்டில் அந்தத் தேர்வு குறுகும்போது கரு கெடுகிறது, குறைப்பிரசவமாகிறது. வெளியில் ஒரு வேலி அவளுக்குக் கொடுக்கும் வெயில்-நிழல் அடுக்குகளை ஒரு பல்பு கொடுப்பதில்லை.

இதற்கு நேர் மறுப்பாக, பூங்காக்களிலும் வீடுகளிலும் பச்சைப்பாம்பு குட்டி போட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறதே என்று கேட்கலாம். லண்டன் பாம்பின் கதை இங்கேதான் பயன்படுகிறது. வெளியிலிருந்து பிடிபடும் பெண் பாம்பு சினையாக இருக்கலாம். சினையாக இல்லாவிட்டாலும் முன்பு கூடிய ஆணின் விந்தைத் தன் குழாயில் சேமித்து வைத்திருக்கலாம். அமெரிக்க வைரமுதுகு விரியன் ஒன்று அப்படி ஐந்தாண்டுகள் சேமித்து ஈன்றதை 2011-இல் மரபணுச் சோதனை உறுதி செய்தது. அதுவும் இல்லையென்றால் ஆணின் பங்கே இல்லாமல் கன்னிப்பிறப்பு நடந்திருக்கலாம். பாம்புகளில் இது நடக்கிறது என்பது 1990-களின் கடைசியில் மரபணுத் தடயத்தோடு நிறுவப்பட்டது. 2012-இல் காட்டுப் பாம்புகளிலும் காட்டப்பட்டது. அப்படிப் பிறக்கும் குட்டிகள் எண்ணிக்கையில் குறைவு, பல செத்தே பிறக்கும், பிழைப்பவை இந்தப் பாம்புப் பிரிவில் ஆணாகவே இருக்கும். 1888-இல் மரபணுச் சோதனை கிடையாது; லண்டன் பாம்பு இவற்றில் எந்த வழியில் ஈன்றது என்று இன்று பிரித்தறிய வழியில்லை. எந்த வழியாக இருந்தாலும், ஆணும் பெண்ணும் கூண்டில் கூடி, குட்டி தின்று வளர்ந்து, அதுவும் கூடி ஈனுவது என்ற முழுச் சுற்று அங்கே நடக்கவில்லை.

அந்த முழுச் சுற்றைத்தான் உலக வனவிலங்கு வணிக உடன்படிக்கையான சைட்டஸ் அளவுகோலாக வைத்திருக்கிறது. 1997-இல் ஹராரேயில் ஏற்ற தீர்மானத்தின்படி, 'சிறையில் இனம் பெருக்கியது' என்ற பெயர் பெற, இரண்டாம் தலைமுறைக் குட்டியை நம்பகமாக உண்டாக்கக் கூடிய கூட்டம் இருக்க வேண்டும். வெறுமனே கூண்டில் பிறந்தவற்றுக்கு வேறு குறியெழுத்து. காகிதத்துக்காகச் செய்த பாகுபாடு அல்ல இது. இந்தோனேசியாவிலிருந்து 'பண்ணையில் வளர்த்தது' என்ற சீட்டோடு போன பச்சை மர மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடித்தவை என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. அந்தப் பாம்பு எலி தின்னும், கூண்டில் உண்மையாகவே பெருகும் பாம்பு. அதிலேயே இப்படி என்றால், எலியைத் திரும்பிப் பார்க்காத பாம்பின் விற்பனைச் சீட்டில் 'வளர்ப்பு' என்று எழுதியிருந்தால் அதை எந்த அளவு நம்பலாம் என்பதை வாங்குபவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

காப்பகப் பெருக்கத்துக்கு ஆதரவாகத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு நல்ல எதிர்ச்சான்று உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976-இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணை, சதுப்புநில முதலைகள் அருகிவந்த காலத்தில் அவற்றைப் பெருக்கி, ஆயிரத்து ஐந்நூறு முதலைகளையும் பல நூறு முட்டைகளையும் பல மாநில வனத்துறைகளுக்கும் அயல்நாடுகளுக்கும் கொடுத்தது. முதலைக்குச் செய்ததைப் பாம்புக்குச் செய்தால் என்ன? செய்யலாம், முதலையின் கணக்கு பாம்புக்கும் பொருந்துமானால். முதலை ஒரு தடவை பல முட்டைகள் இடும், மீனும் இறைச்சியும் தின்னும், பல பத்தாண்டு வாழும். அந்த வெற்றிக்குப் பின்னால் நடந்தது இன்னும் முக்கியம். பண்ணையில் முதலை பெருகிக்கொண்டே போனது; அவற்றைக் கொண்டுபோய் விட ஆறும் ஏரியும் கிடைக்கவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் அங்கே முட்டை பொரியாமல் பார்த்துக்கொள்வதே வேலையானது. பெருக்குவது கைவந்த பிறகும் தட்டுப்பாடு இடத்தில்தான் வந்து நின்றது. பச்சைப்பாம்புக்கோ பெருக்குவதே கைவரவில்லை. தட்டுப்பாடு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

காப்பீட்டுக் கூட்டம் என்ற வாதத்துக்கு இன்னொரு ஓட்டை உண்டு. இலங்கையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை, தென்னிந்தியச் சமவெளி வரை இருக்கும் பச்சைப்பாம்புகள் எல்லாம் ஒரே இனம் என்றே நூறாண்டுக்கு மேல் எண்ணப்பட்டன. அசோக் மல்லிக்கும் கூட்டாளிகளும் மரபணுவையும் செதில் கணக்கையும் சேர்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அது ஓர் இனமே அல்ல என்று காட்டியது. அஹேடுல்லா நசூட்டா என்ற பழைய பெயர் இலங்கைக்கு மட்டும் உரியதாயிற்று. மலைத்தொடரின் வெவ்வேறு துண்டுகளில் வெவ்வேறு இனங்கள் பிரிந்தன. சமவெளிப் பாம்புக்கு அஹேடுல்லா ஆக்ஸிரிங்கா என்ற 1825-ஆம் ஆண்டுப் பெயர் மீண்டு வந்தது. நரிக்குடி வேலியில் இருப்பது இந்தச் சமவெளி இனம். 2020-க்கு முன் யாராவது பெரும் முயற்சியில் ஒரு வளர்ப்புக் கூட்டத்தை உருவாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அகத்தியமலைப் பாம்பையும் அருப்புக்கோட்டைப் பாம்பையும் ஒரே கூண்டில் விட்டிருப்பார்கள். இது கற்பனைப் பயம் அல்ல. பஞ்சாபின் சத்பீர் விலங்குப் பூங்காவில் ஆசியச் சிங்கமும் ஆப்பிரிக்கச் சிங்கமும் கலந்து, கலப்பினக் குட்டிகள் பெருகி, கடைசியில் அந்தக் கூட்டத்தின் இனப்பெருக்கத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. சிங்கத்தில் நடந்தது, யாரும் அருகில் போய்ப் பார்க்காத பாம்பில் நடக்காது என்று சொல்ல முடியாது. மலையின் சிறு பரப்பில் மட்டும் வாழும் புதிய இனங்களுக்குக் காப்பீடு தேவை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காப்பீட்டை அந்தச் சரிவுக் காட்டிலேயே எடுக்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

கூண்டு இல்லாமல் அறிவு வருமா என்பது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. வராது என்பதே உண்மை. பறக்கும் பாம்பு எப்படி மிதக்கிறது என்பதை ஜேக் சோச்சா கண்டுபிடித்தது, பிடித்து வைத்த பாம்புகளை உயரத்திலிருந்து குதிக்க விட்டுப் படமெடுத்துத்தான். விலாவை விரித்து உடலைத் தட்டையாக்கி, காற்றிலும் நெளிந்துகொண்டே அது இறங்குகிறது என்று 2002-இல் எழுதினார். அந்த நெளிவு வெறும் பழக்கமல்ல, அது இல்லாவிட்டால் பாம்பு நிலை தடுமாறும் என்பதை வர்ஜீனியாவின் ஓர் உள்ளரங்கில் உடல் முழுதும் ஒளிப்புள்ளி ஒட்டிய பாம்புகளை வைத்து 2020-இல் அவர் குழு காட்டியது. டென்மோடாக்ஸினும் சிறைப்பட்ட பாம்பின் வாயிலிருந்து எடுத்ததுதான். ஆனால் இந்த ஆய்வுகளில் ஒன்றுக்காவது பாம்பைக் கூண்டில் இனம் பெருக்க வேண்டியிருந்ததா? இல்லை. சில வாரமோ சில மாதமோ வைத்திருந்தால் போதுமானதாக இருந்தது. இதன் மிகச் சிறந்த வடிவம் நம்மிடமே இருக்கிறது. 1978-இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மூன்று நான்கு வாரம் பானையில் வைத்து, நான்கு முறை நஞ்செடுத்து, பிறகு விட்டுவிடுகிறது. நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு அடிப்படையான நஞ்சு இப்படித்தான் கிடைக்கிறது. அதற்காக ஒரு பாம்புக்குட்டிகூடப் பண்ணையில் பிறக்க வேண்டியதில்லை. சங்கத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றபோது பலரும் பாம்பு பிடிக்கும் திறமையைப் பாராட்டினார்கள். பிடித்ததைத் திருப்பி விடும் ஒழுங்கும் அதற்குக் குறைந்ததில்லை என்பேன்.

பார்த்தால் பயம் போகும், கிண்டிப் பாம்புப் பண்ணை இல்லாவிட்டால் சென்னைக்காரர்கள் பாம்பைக் கண்டால் அடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள் என்பதும் மறுக்க முடியாதது. 1972-இல் ரோமுலஸ் விட்டேகர் கிண்டியில் நிறுவிய அந்தப் பண்ணை செய்த நன்மை பெரிது. காட்சிக்கு ஒன்றிரண்டு பாம்பு போதும். அதை அங்கீகாரம் பெற்ற பூங்கா வைத்திருக்கச் சட்டமும் இடம் தருகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் அடங்கும். வீட்டு மாடியில் கண்ணாடிப் பெட்டி வைத்து வேலியோரப் பாம்பை அடைக்கும் இளைஞர் ஆர்வத்தால் செய்தாலும் குற்றமே செய்கிறார். வெளிநாட்டுப் பாம்புகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்ற நிலை இப்போது வந்திருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் மடித்த துணிகளோடு பிடிபடும் பாம்புகளைப் பார்த்தால் அயல் பாம்பு மேல் உள்ள ஆசை எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது தெரியும். அயல் மரப்பாம்பு தப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் குவாம் தீவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்கோடு வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு அந்தத் தீவின் சொந்தக் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்துவிட்டது. அதுவும் பின்பல் பாம்புதான். அதைப் பெருக்க ஒரு பண்ணையும் தேவைப்படவில்லை.

இனி கணக்கு. வளர்ந்த பச்சைப்பாம்பு வாரம் ஓர் ஓணான் தின்கிறது என்று சிக்கனமாக வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு 104. பத்துக் குட்டி பிறந்து, ஒவ்வொன்றும் வாரம் இரண்டு பல்லிக் குஞ்சு தின்றால் 1,040. ஒரு ஜோடியின் ஓர் ஆண்டுக்கே ஆயிரத்துச் சொச்சம் பல்லி, ஓணான், அரணை. அவை எங்கிருந்து வரும்? கண்மாய்க் கரையிலிருந்தும் வேலியிலிருந்தும் பிடித்து வந்தால், கூண்டுப் பாம்பைப் பிழைக்க வைக்க வெளிப்பாம்பின் சாப்பாட்டைப் பறிக்கிறோம். ஓணானையும் பண்ணையில் வளர்ப்போம் என்றால் ஓணானுக்குப் பூச்சி வேண்டும். பூச்சிக்குத் தழை வேண்டும். ஓணான் முட்டையிட ஈர மண் வேண்டும், காய வெயில் வேண்டும். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் கம்பி வலைக்குள் ஒரு கிளுவை வேலியைக் கட்டி முடித்திருப்போம். அந்த வேலி நரிக்குடியில் செலவில்லாமல் ஏற்கெனவே இருந்தது. இரும்புக் கம்பியும் கல்தூணும் அந்த இடத்துக்கு வந்ததுதான் பாம்பு குறைந்ததற்கான நேரடிக் காரணம்.

சீமைக்கருவேல் இருக்கும்போது மறைவுக்கு என்ன குறை என்று இந்த வட்டாரத்தைத் தெரிந்த ஒருவர் கேட்கக்கூடும். மறைவு இருக்கிறதுதான், பச்சைப்பாம்பு அதிலும் ஏறும். ஆனால் கரிமூட்டத்துக்காகச் சில ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக அடியோடு வெட்டப்படும் காட்டில், வெட்டிய அன்றே ஓணானும் பாம்பும் வெட்டவெளியில் நிற்கின்றன. வல்லூறும் கீரியும் மயிலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. வெட்டும்போது கண்மாய்க் கரையோரத்துப் பட்டை ஒன்றையும் ஓடையோரத்து உடைமரங்களையும் விட்டு வைப்பதும், அடுத்த வெட்டு வரை அதைத் தொடாமல் இருப்பதும் கரி வியாபாரத்துக்குப் பெரிய நட்டம் தராது. ஆய்வாளருக்கும் அங்கே வேலை இருக்கிறது. பாம்பு உரித்துப் போட்ட சட்டையிலிருந்து மரபணு எடுக்கலாம். அதற்குப் பாம்பைத் தொடவே வேண்டாம். வனத்துறை அனுமதியோடு ஒரு சினைப்பாம்பைச் சில வாரம் வைத்து, ஈன்றதும் தாயின் செதில் மரபணுவையும் குட்டிகளின் செதில் மரபணுவையும் ஒப்பிட்டு, அதே வேலியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டால், குட்டிகளுக்கு ஒரே தகப்பனா, பலரா, தகப்பனே இல்லையா என்று தெரிந்துவிடும். லண்டனில் மூன்று ஆண்டு அடைத்து வைத்தும் கிடைக்காத விடை அது.